கலீனாவின் ஒன்பது ஜெனரல்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) இலினொய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஜோ டேவியஸ் கவுண்டியைச் சேர்ந்த ஒன்பது பேர் ஒன்றியப் படையில் ஜெனரல் நிலையை எட்டினர். கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்ட நிர்வாகப் பிரிவு. ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்றது, ஆனால் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்தக் கவுண்டி முழுவதிலும் ஏறத்தாழ 27,000 பேர் வாழ்ந்தனர். அதன் தலைமையிடமான கலீனா நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 8,000. ஒன்பதின்மரில் ஒருவர் யுலிசீஸ் எஸ். கிராண்ட். அவர் பின்னாளில் ஒன்றியப் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதியாகவும், நாட்டின் 18ஆவது குடியரசுத் தலைவராகவும் ஆனார்.

சுரங்கமும் வேளாண்மையும் சார்ந்த ஒரு மூலைப் பகுதி இத்தனை ஜெனரல்களைத் தந்தது எப்படி? மண்ணின் வீரம் என்பது ஊர்ப்பெருமை கூறும் விடை. ஆனால் ஒன்பது பேரின் வாழ்க்கையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. திடீரெனப் பெருகிய ஒரு படை, செல்வாக்குள்ள ஓர் அரசியல்வாதி, தனக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களை அருகில் வைத்துக்கொண்ட ஒரு தளபதி ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்த எண்ணிக்கையை உருவாக்கின.

ஈயத்தால் வளர்ந்த ஊர்

ஈயத்தின் முதன்மைத் தாதுவுக்கு கலீனா என்று பெயர். ஊரின் பெயர் அதிலிருந்தே வந்தது. 1820களில் இப்பகுதியின் ஈயச் சுரங்கங்களைத் தேடி மக்கள் திரண்டு வந்தனர். ஜோ டேவியஸ் கவுண்டி 1827இல் உருவாக்கப்பட்டது. 1811இல் டிப்பக்கனூ போரில் இறந்த ஜோசப் ஹாமில்டன் டேவியஸ் என்பவரின் நினைவாக அதற்குப் பெயரிடப்பட்டது. 1840களில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஈயத்தின் பெரும்பகுதி கலீனாவைச் சுற்றிய சுரங்கப் பகுதியிலிருந்தே கிடைத்தது. ஊரின் நடுவே ஓடும் ஆறு சில மைல் தொலைவில் மிசிசிப்பியில் கலக்கிறது. நீராவிப் படகுகள் அந்த ஆற்றின் வழியே ஊருக்குள்ளேயே வந்து சரக்கு ஏற்றின.

இவ்வாறு வளர்ந்த ஊரில் பல திசைகளிலிருந்தும் வந்தவர்கள் குடியேறினர். அவர்களில் கிழக்கு மாநிலங்களின் வழக்கறிஞர்கள், சுவிட்சர்லாந்துக் குடும்பங்கள், ஐரிஷ் மற்றும் ஜெர்மானியத் தொழிலாளர்கள், தெற்கிலிருந்து வந்த வணிகர்கள் எனப் பலரும் இருந்தனர். கலீனாவின் ஜெனரல்கள் எனப்படுவோரில் ஜான் ராலின்ஸ் அங்கேயே பிறந்தவர். கிராண்ட் ஒஹாயோவிலும், ஜான் யூஜின் ஸ்மித் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலும், ஈலி பார்க்கர் நியூயார்க் மாநிலத்தின் செனெகா பழங்குடிக் குடியிருப்பிலும் பிறந்தவர்கள். போர் தொடங்கியபோது கிராண்ட் கலீனாவுக்குக் குடிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அப்போது ஊர் இறங்குமுகத்தில் இருந்தது. மேலே கிடைத்த தாது குறைந்தது. காடுகள் வெட்டப்பட்டதால் மண் அரித்து ஆற்றில் படிந்தது. 1850களின் நடுவில் ரயில் பாதை கலீனாவைக் கடந்து மிசிசிப்பிக் கரை வரை சென்றது. படகுத்துறையாக இருந்த ஊரின் முக்கியத்துவம் அதனால் குறையத் தொடங்கியது. திறமையும் அரசியல் தொடர்பும் உள்ள பலர் ஒரு சிறிய ஊரில் ஒருவரையொருவர் நன்கு அறிந்து வாழ்ந்தனர். அவர்கள் வளர்வதற்கான வாய்ப்போ சுருங்கிக்கொண்டிருந்தது. 1861இல் கலீனாவின் நிலை இதுதான்.

1861 ஏப்ரல்

1861 ஏப்ரல் 12 அன்று தென் மாநிலக் கூட்டமைப்பின் பீரங்கிகள் சம்டர் கோட்டையைத் தாக்கின. மூன்று நாட்களுக்குப் பின் குடியரசுத் தலைவர் லிங்கன் 75,000 தொண்டர் வீரர்களைக் கோரினார். அப்போது நிரந்தரப் படையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 16,000 பேர் மட்டுமே. அவர்களும் பெரும்பாலும் மேற்கு எல்லைக் காவல் நிலைகளில் சிதறிக் கிடந்தனர். எனவே புதிய படைக்கு வீரர்கள் மட்டுமல்ல, அதிகாரிகளும் புதிதாகத் தேவைப்பட்டனர்.

தொண்டர் படை அமைக்கப்பட்ட முறையைப் புரிந்துகொள்வது அவசியம். கம்பெனி என்பது ஏறத்தாழ நூறு பேர் கொண்டது. பெரும்பாலும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் அதில் இருப்பர். அவர்களே தங்கள் கேப்டனைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். பத்துக் கம்பெனிகள் சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ட். அதன் கர்னலை மாநில ஆளுநர் நியமிப்பார். ஜெனரல்களைக் குடியரசுத் தலைவர் நியமிக்க, செனட் ஒப்புதல் தரும். ஒவ்வொரு படியிலும் ஒருவரை அறிந்து பரிந்துரைக்க ஆள் இருந்தாக வேண்டும்.

ஏப்ரல் 16 அன்று கலீனா நீதிமன்றக் கட்டடத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் லிங்கனை எதிர்த்த ஸ்டீபன் டக்ளஸுக்காக உழைத்த ஜனநாயகக் கட்சி வழக்கறிஞர் ராலின்ஸ், அங்கே ஒன்றியத்தைக் காக்கப் போராட வேண்டும் என்று உணர்ச்சி பொங்கப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கிராண்டும் ஒருவர். அந்தக் கூட்டத்துக்குப் பின் தன் குடும்பத்தின் தோல் கடையில் ஒருநாளும் வேலை பார்க்கவில்லை என்று அவர் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து ஆள்சேர்ப்புக் கூட்டம் நடந்தது. ராணுவ அனுபவம் உள்ளவர் என்பதால் கிராண்ட் அதற்குத் தலைமை ஏற்றார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்து, மெக்சிகோ போரில் பணியாற்றி, 1854இல் பதவி விலகியவர் அவர். புதிய கம்பெனியின் கேப்டன் பதவியை அவர் ஏற்கவில்லை. அதற்கு வணிகரான அகஸ்டஸ் செட்லெய்ன் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிராண்ட் அந்த வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஊர்ப் பெண்கள் சீருடை தைத்தபோது அதன் துணியையும் அமைப்பையும் அவர்களுக்கு விளக்கினார். பின் கம்பெனியுடன் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சென்றார்.

வாஷ்பர்னின் பங்கு

இந்த வரலாற்றில் சீருடை அணியாத ஒருவரின் பங்கு மிகப் பெரியது. எலிஹூ வாஷ்பர்ன் 1816இல் மேய்ன் மாநிலத்தில் பிறந்து, 1840இல் கலீனாவுக்கு வந்து வழக்கறிஞரானவர். 1853 முதல் 1869 வரை அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் அவையில் இப்பகுதியின் உறுப்பினராக இருந்தார். அவர் லிங்கனின் நீண்டநாள் அரசியல் நண்பர்.

கிராண்ட் தன் சொந்த முயற்சியில் பதவி பெற முயன்று தோற்றார். 1861 மே மாதம் வாஷிங்டனில் உள்ள படைத் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார்; பதில் வரவில்லை. தன்னை அறிந்த ஜார்ஜ் மெக்லெல்லனைச் சந்திக்க சின்சினாட்டிக்குப் போய்க் காத்திருந்தார், சந்திக்க முடியவில்லை. ஜூன் மாதம் ஒழுங்கு குலைந்திருந்த 21ஆவது இலினொய் ரெஜிமென்டைச் சீர்செய்ய ஆள் தேவைப்பட்டபோது, ஆளுநர் ரிச்சர்ட் யேட்ஸ் அவரைக் கர்னலாக நியமித்தார். சில வாரங்களில் இலினொய்க்கு ஒதுக்கப்பட்ட பிரிகேடியர் ஜெனரல் இடங்களுக்கு மாநிலப் பிரதிநிதிகளிடம் லிங்கன் பெயர் கேட்டார். வாஷ்பர்ன் கிராண்டின் பெயரை முன்வைத்தார். ஆகஸ்டில் நியமனம் வந்தது.

கிராண்டை வாஷ்பர்ன் அதற்கு முன் நெருக்கமாக அறிந்தவர் அல்லர். தன் தொகுதியில் வசிக்கும், முறையான ராணுவப் பயிற்சி பெற்ற ஒருவர் என்பதே பரிந்துரைக்கு முதன்மைக் காரணம். ஆனால் ஒருமுறை ஆதரித்தபின் அவர் பின்வாங்கவில்லை. 1862 ஏப்ரல் 6, 7 நாட்களில் நடந்த ஷைலோ போரில் இரு தரப்பிலும் சேர்த்து இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் 23,000க்கும் அதிகம். கிராண்டை நீக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது வாஷ்பர்ன் காங்கிரஸில் அவருக்காக வாதாடினார். 1864இல் நிறைவேறிய, லெப்டினன்ட் ஜெனரல் பதவியை மீண்டும் உருவாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவரே. அந்தப் பதவி கிராண்டுக்கு வழங்கப்பட்டது.

ஒன்பது பேர்

போருக்கு முன் அவர்கள் செய்துவந்த தொழில்களைப் பார்த்தால், அந்தக் காலத்துச் சிறு நகரம் ஒன்றின் கடைத்தெரு கண்முன் வரும்.

1. யுலிசீஸ் எஸ். கிராண்ட்: தந்தையின் தோல் கடையில் பணி.
2. ஜான் ஏ. ராலின்ஸ்: வழக்கறிஞர்.
3. வில்லியம் ஆர். ரௌலி: நீதிமன்ற எழுத்தர்.
4. ஈலி எஸ். பார்க்கர்: கட்டுமானப் பொறியாளர்.
5. ஜான் யூஜின் ஸ்மித்: நகை வணிகர், கவுண்டியின் கருவூலர்.
6. ஜாஸ்பர் ஏ. மால்ட்பி: துப்பாக்கி செய்பவர்.
7. அகஸ்டஸ் எல். செட்லெய்ன்: வணிகர்.
8. ஜான் கார்சன் ஸ்மித்: கட்டட வேலைக்காரர்.
9. ஜான் ஓ. டூயர்: 45ஆவது இலினொய் ரெஜிமென்டில் கீழ்நிலை அதிகாரியாகத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து அதற்குத் தலைமை ஏற்றவர்.

இவர்களில் வெஸ்ட் பாயின்டில் படித்தவர் கிராண்ட் மட்டுமே. மால்ட்பி மெக்சிகோ போரில் சாதாரண வீரராகச் சென்று காயம்பட்டுத் திரும்பியவர்.

கிராண்டின் கூடாரத்தில்

பிரிகேடியர் ஜெனரல் ஆனதும் கிராண்ட் தன் தலைமையக அலுவலராக ராலின்ஸை அழைத்தார். ராலின்ஸுக்கு அப்போது வயது 30. ராணுவ அனுபவம் எதுவும் இல்லை. அவர் மனைவி காசநோயால் இறந்துகொண்டிருந்தார். 1861 ஆகஸ்ட் 30 அன்று மனைவி இறந்தபின் ராலின்ஸ் வந்து சேர்ந்தார். கடிதங்களையும் ஆணைகளையும் ஒழுங்குபடுத்துவது, தலைமையகத்தில் யார் நுழையலாம் என்று முடிவு செய்வது, தளபதியிடம் பிறர் சொல்லத் தயங்குவதைச் சொல்வது ஆகியவை அவருடைய பணிகள்.

கரி சுடும் தொழிலாளியான ராலின்ஸின் தந்தை குடிப்பழக்கம் உள்ளவர். அதனால் ராலின்ஸ் மதுவை வெறுத்தார். கிராண்டைப் பற்றியும் பழைய படைநாட்களிலிருந்தே குடி குறித்த பேச்சு இருந்தது. 1863 ஜூன் 6 அன்று, விக்ஸ்பர்க் முற்றுகையின் நடுவே, மதுவைத் தொடக்கூடாது என்ற வாக்குறுதியை நினைவூட்டி, அதைக் காக்காவிட்டால் தான் விலகிவிடுவதாக ராலின்ஸ் தன் தளபதிக்கே கடிதம் எழுதினார். ஒரே ஊரில் பழகிய உரிமை இல்லாமல் கீழ்நிலை அதிகாரி ஒருவர் இவ்வாறு எழுதியிருப்பது அரிது. கிராண்ட் அவரைத் தண்டிக்கவில்லை. அதே ஆண்டில் ராலின்ஸ் பிரிகேடியர் ஜெனரல் ஆனார்.

ரௌலி 1862 பிப்ரவரியில் கிராண்டின் துணை அலுவலரானார். ஷைலோ போரின் முதல் நாளில், வந்து சேராத லூ வாலஸின் படையை விரைவுபடுத்த அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். உடல்நலக் குறைவால் 1864இல் பதவி விலகி ஊர் திரும்பினார்.

பார்க்கரின் வழி இவர்கள் எல்லோரையும்விடக் கடினமானது. அவர் செனெகா மக்களின் தலைவர்களுள் ஒருவர். சட்டம் படித்தார், ஆனால் பழங்குடியினர் அமெரிக்கக் குடிமக்கள் அல்லர் என்பதால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய அனுமதிக்கப்படவில்லை. எனவே பொறியாளரானார். 1857இல் சுங்க அலுவலகமும் கடலோடிகளுக்கான மருத்துவமனையும் கட்டும் பொறுப்பில் கூட்டாட்சி அரசு அவரைக் கலீனாவுக்கு அனுப்பியது. அந்தச் சுங்க அலுவலகக் கட்டடம் இன்றும் அஞ்சலகமாக இயங்குகிறது. அங்கேதான் கிராண்டுடன் நட்பு ஏற்பட்டது. போர் தொடங்கியதும் படையில் சேர முன்வந்த அவரை நியூயார்க் ஆளுநரும் மறுத்தார், வாஷிங்டனும் மறுத்தது. இது வெள்ளையர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய போர் என்ற பொருளில் வெளியுறவுச் செயலர் சீவர்ட் பதில் சொன்னதாகப் பார்க்கர் பின்னர் நினைவுகூர்ந்தார். 1863இல் கலீனா நண்பர்களான ஜான் யூஜின் ஸ்மித், கிராண்ட் ஆகியோரின் ஆதரவுடன் அவருக்குக் கேப்டன் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டில் அவர் கிராண்டின் ராணுவச் செயலரானார்.

1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்போமட்டாக்ஸில், வில்மர் மக்லீன் என்பவரின் வீட்டு முன்னறையில் தெற்கின் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். கிராண்ட் பென்சிலால் எழுதிய சரணடைவு நிபந்தனைகளை மையால் படியெடுத்தவர் பார்க்கர். ராலின்ஸும் அந்த அறையில் இருந்தார். நான்காண்டுகளுக்கு முன் கலீனாவில் ஒரே தெருக்களில் நடமாடிய மூன்று பேர், போரின் தீர்மானமான கணத்தில் ஒரே அறையில் இருந்தனர். அவர்களில் ஒருவர், தான் காத்த நாட்டின் குடியுரிமையே மறுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர். நாட்டில் பிறந்த பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 1924இல்தான் வந்தது.

ஈயச் சுரங்க ரெஜிமென்ட்

கிராண்டின் அருகில் இருந்ததால் உயர்ந்தவர்கள் மட்டுமே கலீனாவின் ஜெனரல்கள் என்று எண்ணுவதும் சரியாகாது. 45ஆவது இலினொய் ரெஜிமென்ட், வாஷ்பர்னின் பெயரோடு சேர்த்து ‘ஈயச் சுரங்க ரெஜிமென்ட்’ என்று அழைக்கப்பட்டது. அதன் முதல் கர்னல் ஜான் யூஜின் ஸ்மித். லெப்டினன்ட் கர்னல் மால்ட்பி. டானல்சன் கோட்டைப் போரில் மால்ட்பி காயமுற்றார். ஷைலோவிலும் அந்த ரெஜிமென்ட் போரிட்டது. 1862 நவம்பரில் ஸ்மித் பிரிகேடியர் ஜெனரலாக உயர, மால்ட்பி ரெஜிமென்டின் பொறுப்பை ஏற்றார்.

1863 கோடையில் மிசிசிப்பி ஆற்றின் திறவுகோலாக விளங்கிய விக்ஸ்பர்க் நகரை கிராண்ட் முற்றுகையிட்டார். சுரங்க வேலை அறிந்த வீரர்களைக் கொண்டு எதிரியின் மண்கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டப்பட்டது. ஜூன் 25 அன்று 2,200 பவுண்ட் வெடிமருந்து வெடித்துப் பெரும் பள்ளம் உண்டானது. முதலில் அதற்குள் பாய்ந்தது 45ஆவது ரெஜிமென்ட். பள்ளத்தின் மறுகரையில் எதிரிகள் இன்னொரு அரண் எழுப்பி வைத்திருந்தனர். அங்கிருந்து அவர்கள் திரி கொளுத்திய குண்டுகளை உள்ளே உருட்டிவிட்டனர். குறுகிய பள்ளத்தில் விலக இடமில்லை. மால்ட்பி படுகாயமடைந்தார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். தாக்குதல் பலன் தரவில்லை.

ஜூலை 4 அன்று, பசியால் தளர்ந்த விக்ஸ்பர்க் சரணடைந்தது. முற்றுகையில் அந்த ரெஜிமென்ட் ஆற்றிய பணிக்காக, நகருக்குள் முதலில் நுழையும் மரியாதை அதற்கு வழங்கப்பட்டது. அதன் கொடி நீதிமன்றக் கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. மால்ட்பி ஆகஸ்டில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். ஸ்மித் ஒரு டிவிஷனின் தலைவராக மிஷனரி ரிட்ஜ் போரிலும், ஷெர்மனின் ஜார்ஜியா படையெடுப்பிலும் பங்கேற்றார்.

செட்லெய்ன் 12ஆவது இலினொய் ரெஜிமென்டில் ஷைலோ, கொரிந்த் போர்களைக் கண்டபின், டென்னசி, கென்டக்கிப் பகுதிகளில் கறுப்பின வீரர்களைச் சேர்த்துப் படைப்பிரிவுகள் அமைக்கும் பொறுப்பை ஏற்றார். போர் முடிவதற்குள் ஒன்றியப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றியிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து வந்தவர்கள்.

ஜான் கார்சன் ஸ்மித் 1862இல் சாதாரண வீரராகப் பதிந்து, பின் 96ஆவது இலினொய் ரெஜிமென்டுக்கு ஆள் திரட்டி அதன் மேஜரானார். ஜோ டேவியஸ் கவுண்டியும், மாநிலத்தின் மறுகோடியில் உள்ள லேக் கவுண்டியும் சேர்ந்து அமைத்த ரெஜிமென்ட் அது. சிக்கமாகா போரில் அது பேரிழப்பைச் சந்தித்தது. கென்னசா மலைப் போரில் ஸ்மித் காயமுற்றார்.

ஊருக்குள் இருந்த பிளவு

ஜெனரல்களை மட்டும் பார்த்தால் கவுண்டி முழுவதும் ஒரே மனத்துடன் போரை ஆதரித்தது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. ராலின்ஸின் வழக்கறிஞர் அலுவலகக் கூட்டாளி டேவிட் ஷீயன் ஜனநாயகக் கட்சிக்காரர். லிங்கன் அரசின் போர்க்கொள்கையை ஏற்காதவர். 1862இல் அவரும், இன்னொரு கலீனா வழக்கறிஞரான மேடிசன் ஜான்சனும் அரசுக்கு விசுவாசமற்றவர்கள் என்று கைது செய்யப்பட்டு, விசாரணையின்றி ராணுவக் கோட்டையில் அடைக்கப்பட்டனர். அப்போது வட இலினொய்க்குக் கூட்டாட்சி மார்ஷலாக இருந்த ரஸல் ஜோன்ஸும் கலீனாக்காரர், வாஷ்பர்னின் நண்பர்.

ஒரே பெயர்ப்பலகையின் கீழ் தொழில் செய்த இருவரில் ஒருவர் படைத் தலைமையகத்தில் இருந்தார். மற்றவர் சிறையில் இருந்தார். விடுதலையான ஜான்சன் வழக்குத் தொடுத்தார். போர் நடக்காத ஒரு மாநிலத்தில் இவ்வாறு கைது செய்ய அதிகாரம் இல்லை என்று இலினொய் உச்ச நீதிமன்றம் 1867இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஊரின் செல்வாக்குக் கண்ணிகள் சிலரை உயர்த்தின. அதே கண்ணிகள் வேறு சிலர்மீது இறுகின.

எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

ஒன்பது என்ற எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிராண்ட், ராலின்ஸ், ஜான் யூஜின் ஸ்மித், செட்லெய்ன், மால்ட்பி ஆகிய ஐவர் முழு நிலை ஜெனரல்கள். பார்க்கர், ரௌலி, ஜான் கார்சன் ஸ்மித், டூயர் ஆகிய நால்வர் பெற்றது ‘பிரெவெட்’ எனப்படும் மதிப்புப் பட்டம். சிறப்பான பணிக்காக அளிக்கப்பட்ட அந்தப் பட்டத்துடன் பொதுவாக அதற்கேற்ற படைப்பொறுப்போ ஊதியமோ வருவதில்லை. அது பெரும்பாலும் போர் முடியும் தறுவாயிலோ முடிந்த பின்னரோ, முன்தேதியிட்டு ஏராளமானோருக்கு வழங்கப்பட்டது. ரௌலி பெற்றது 1865 மார்ச் 13 என்ற தேதியிட்ட பட்டம். அதே தேதியில் நூற்றுக்கணக்கானோர் பெற்றனர்.

ஒன்றியப் படையில் முழு நிலை ஜெனரல்களாக இருந்தவர்கள் 583 பேர் என்று வரலாற்றாசிரியர் எஸ்ரா வார்னர் கணக்கிட்டார். பிரெவெட் பட்டம் மட்டும் பெற்றவர்கள் அதற்கு மேலும் ஏறத்தாழ 1,370 பேர். சிறு நகரங்கள் பல ஒன்றிரண்டு ஜெனரல்களைக் கொண்டாட முடிவது இதனால்தான்.

நாலவரின் பணியை இது குறைத்துவிடாது. பார்க்கரும் கென்னசாவில் காயம்பட்ட ஸ்மித்தும் தங்கள் பட்டத்துக்குத் தகுதியானவர்களே. ஆனால் பட்டங்களின் எண்ணிக்கை ஓர் ஊரின் வீரத்துக்கு அளவுகோல் ஆகாது என்பதை இந்தப் பாகுபாடு காட்டுகிறது. யாருடைய பெயர் யார் காதில் விழுந்தது என்பதும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியிருக்கிறது.

இலினொய் மாநிலம் ஏறத்தாழ 2,59,000 வீரர்களை அனுப்பியது. அவர்களில் ஏறத்தாழ 35,000 பேர் திரும்பவில்லை. போரில் இறந்த வீரர்களில் பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கி அல்ல; வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். விக்ஸ்பர்க் பள்ளத்தில் குண்டுகளுக்கு நடுவே நின்ற சுரங்கத் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் பரிந்துரைக் கடிதம் எழுத எவரும் இல்லை.

போருக்குப் பின்

1865 ஆகஸ்ட் 18 அன்று கிராண்ட் கலீனாவுக்குத் திரும்பியபோது பெருங்கூட்டம் வரவேற்றது. தனக்கு உள்ள ஒரே அரசியல் ஆசை, கலீனாவின் மேயராகித் தன் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை நடைபாதை போடுவதுதான் என்று அவர் போரின்போது வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். நடைபாதை போடப்பட்டுவிட்டது என்று வரவேற்பு வளைவில் ஊரார் எழுதி வைத்தனர். ஒரு செங்கல் வீட்டையும் பரிசளித்தனர். 1868இல் குடியரசுத் தலைவராகத் தேர்வான செய்தியை அவர் கலீனாவில் வாஷ்பர்னின் வீட்டில் தந்தி வழியாக அறிந்தார்.

பதவிக்கு வந்ததும் கிராண்ட் தன் ஊர்க்காரர்களை மறக்கவில்லை. வாஷ்பர்ன் சில நாட்கள் வெளியுறவுச் செயலராக இருந்து, பின் பிரான்சுக்குத் தூதராகச் சென்றார். ராலின்ஸ் போர்த்துறைச் செயலரானார். ஆனால் மனைவியைக் கொன்ற காசநோய் அவரையும் விடவில்லை. 1869 செப்டம்பர் 6 அன்று 38ஆவது வயதில் இறந்தார். செட்லெய்ன் பிரஸ்ஸல்ஸில் தூதரக அதிகாரியானார். பார்க்கர் பழங்குடியினர் விவகார ஆணையரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பழங்குடியினர் அவரே. கொள்முதல் முறைகேடு என்ற குற்றச்சாட்டைக் காங்கிரஸ் குழு விசாரித்து, ஊழல் இல்லை என்று கூறியது; எனினும் அதிகாரம் குறைக்கப்பட்ட நிலையில் 1871இல் பதவி விலகினார்.

மால்ட்பியின் முடிவு வேறு. போருக்குப் பின் விக்ஸ்பர்க்கிலேயே தங்கி, 1867இல் ராணுவ நிர்வாகத்தால் அந்நகரின் மேயராக நியமிக்கப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் பதவியில் இருக்கும்போதே அங்கே இறந்தார். எந்த நகரைக் கைப்பற்றும்போது குருதி சிந்தினாரோ அந்த நகரிலேயே உயிர் பிரிந்தது. கலீனாவில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஊரும் சுருங்கியது. இன்று கலீனாவின் மக்கள்தொகை 3,000க்குச் சற்று மேல். 1860இல் இருந்ததில் பாதிகூட இல்லை. புதிதாகக் கட்டப் பணம் இல்லாததால் பழைய செங்கல் கட்டடங்கள் தப்பின. அவற்றையும் கிராண்டின் வீட்டையும் காண இப்போது பயணிகள் வருகின்றனர். அப்போமட்டாக்ஸ் சரணடைவைச் சித்திரிக்கும் தாமஸ் நாஸ்டின் பெரிய ஓவியம் ஊர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மதிப்பீடு

செல்வாக்கால் நியமிக்கப்பட்டவர்கள் தகுதியற்றவர்கள் என்பது பொதுவான எண்ணம். உள்நாட்டுப் போரில் அதற்குச் சான்றுகள் பல உண்டு. அரசியல் காரணங்களுக்காக ஜெனரலான சிலர் தம் வீரர்களை வீணே பலிகொடுத்தனர். கலீனாவின் வரலாறு அந்த எண்ணத்துக்கு முழுமையாக இணங்குவதில்லை. தகுதியும் பயிற்சியும் இருந்த கிராண்டை, தகுதியைத் தேடியிருக்க வேண்டிய படைத் தலைமையகம் கண்டுகொள்ளவில்லை. தன் தொகுதிக்காரர் என்ற குறுகிய காரணத்துக்காக ஓர் அரசியல்வாதி அவரை முன்னிறுத்தினார். தோல்வியின் விளிம்பில் இருந்த ஒருவர், தன்னை அறிந்த ஒரு வழக்கறிஞரை அருகில் வைத்துக்கொண்டு நிலைபெற்றார். சட்டமும் அமைச்சரும் கதவை மூடிய ஒரு செனெகா பொறியாளருக்கு, நட்பு அதே கதவைத் திறந்தது.

அதே வேளையில், அறிமுகத்தால் திறக்கும் கதவு அறிமுகம் இல்லாதவர்களுக்கு மூடியே இருந்தது. 1861இல் அமெரிக்கா முழுவதும் கலீனா போன்ற சிற்றூர்கள் பல இருந்தன. அங்கும் கடைகளில் வேலை பார்த்த பழைய படைவீரர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வாஷ்பர்ன் வாய்க்கவில்லை. கலீனாவின் ஒன்பது ஜெனரல்களை நினைக்கும்போது, அவர்களுடைய துணிவோடு, அந்தத் துணிவு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அவர்களை நிறுத்திய சூழலையும் சேர்த்து நினைப்பதே வரலாற்றுக்கு நியாயம்.